சடக்கா, காடா, கடலா? 1942 ஜனவரியில் ஜொகூர்

மலேசியாவின் ஜொகூரில் உள்ள எங்கள் லாயாங் லாயாங்கில் டீக்கடைப் பேச்சு எங்கே தொடங்கினாலும் எப்படியோ ஜப்பான்காரன் காலத்தில் போய் நிற்கும். போன வாரம் ஓர் அண்ணன், “வெள்ளைக்காரன் பட்டாளம் பேசாமல் பால்மரக் (ரப்பர்) காட்டுக்குள்ளேயே நடந்து சிங்கப்பூர் போயிருக்கலாமே, மேலே விமானம் பறந்தாலும் தெரியாதே” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 1942 ஜனவரிக் கடைசி வாரத்தில், இதே ஜொகூரில் சிங்கப்பூரை நோக்கிப் பின்வாங்கிய வெள்ளைக்காரன் படைகள் இரண்டு ஜப்பான்காரனிடம் சிக்கிக்கொண்டு, ஒன்று காட்டையும் மற்றொன்று கடலையும் நம்பின.

சடக்கை, அதாவது சாலையை, பற்றி நீட்ட வேண்டாம். மேற்குக் கரையில் இருக்கும் பத்து பகாட்டை விட்டுக் கிளம்பிய படை செங்காராங், ரெங்கிட் வழியாகத் தெற்கே வரப் பார்த்தது, ஜப்பான்காரன் முன்கூட்டியே சுற்றி வந்து மறித்துவிட்டான். பீரங்கிகளையும் லாரிகளையும் தாங்களே அழித்துவிட்டு, காயம்பட்டவர்களை அங்கேயே விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் நகர முடிந்தது. அவர்களுக்குத் துணையாக ஒரு பாதிரியார் தானாகவே தங்கிவிட்டார்.

காட்டு வழியில் போனது 22வது இந்தியப் படைப்பிரிவு, அதுவும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். பின்னால் இருந்த ரயில் பாலம் அவசரப்பட்டுத் தகர்க்கப்பட்டதில் தந்தித் தொடர்பும் அறுந்துபோனது. நிலைமையைப் பார்க்க வந்த தளபதி பார்ஸ்டோ ஜனவரி 28இல் லாயாங் லாயாங் அருகே சுடப்பட்டு இறந்தார். படை காட்டுக்குள் இறங்கியது. மறைவு இருந்தது உண்மைதான், வேகம் இல்லையே! அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு மரமும் சதுப்புமாகக் கிடந்த காட்டில் எவ்வளவு தூரம்தான் நடப்பது? ஜனவரி 31இல் சிங்கப்பூர் தீவுக்குப் போகும் ஜொகூர் பாலமும் உடைக்கப்பட்டது. பிப்ரவரி 1இல் சரணடைந்தார்கள், தப்பி அக்கரை சேர்ந்தவர்கள் சொற்பம்.

அப்புறம் கடல், சடக்கில் மறிக்கப்பட்ட அந்தப் படை நம்பியது இதைத்தான். முதலில் பார்த்தால் இதுதான் மூன்றிலும் மோசமான யோசனை. ரெங்கிட் கரையில் துறை கிடையாது, அலையாத்திக் காடு, நீர் வற்றினால் முட்டி அளவு சேறு. பிரான்சின் டன்கர்க்கிலிருந்து 1940இல் கடல் வழியாக மீட்கப்பட்ட 338,000 படையினரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு துறைமுகத்திலிருந்துதான் ஏறினார்கள், வெறும் மணலிலிருந்து படகுப் படகாக ஏற்றியது மெதுவாகத்தான் நகர்ந்தது. இங்கே துறைமுகமும் இல்லை, தலைக்கு மேல் காவல் விமானமும் இல்லை. இருந்தும் டிராகன்ஃப்ளை, ஸ்கார்பியன் என்ற இரண்டு பீரங்கிப் படகுகள், சீனத்து ஆறுகளில் ஓடத் தோதாகக் கட்டப்பட்டவை, சிறு படகுகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு சில இரவுகளில் இரண்டாயிரம் பேருக்கு மேல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தன.

எப்படி முடிந்தது? என் கணக்கில் இரண்டு காரணங்கள். ஒன்று, வேலை எல்லாம் இருட்டில். இரண்டு, மலாக்கா நீரிணையில் அப்போது ஜப்பானியப் போர்க்கப்பல் கிடையாது, அவனிடம் இருந்தவை சிறு படகுகள்தான். (அதில் பல, டிசம்பரில் பிரிட்டிஷார் வெள்ளைக்காரர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு ஊர்மக்களை விட்டுவிட்டுக் கிளம்பியபோது பினாங்கில் அழிக்காமல் விட்டுப்போனவை. அந்தக் கடல்வழி வெளியேற்றத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும்.) இன்னொன்றும் உண்டு, படகில் ஏறியவன் நேராகச் சிங்கப்பூரில் இறங்குகிறான், பாலம் இருக்கிறதா உடைந்ததா என்ற கவலையே அவனுக்கு இல்லை.

அண்ணன் விடவில்லை, “அப்படியென்றால் கடல்தான் எப்போதும் நல்லதா?” என்றார். இல்லை அண்ணே. பிப்ரவரி 13ஐ ஒட்டிச் சிங்கப்பூரிலிருந்து தெற்கே கிளம்பிய கப்பல்களைப் பாருங்கள், பகலில் விமானம், சுமத்ரா அருகே பாங்கா நீரிணையில் ஜப்பானியப் போர்க்கப்பல்கள், பெரும்பாலானவை மூழ்கின. மூழ்கியவற்றில் ஸ்கார்பியனும் உண்டு, மறுநாள் குண்டுவீச்சில் டிராகன்ஃப்ளையும் போனது. ரெங்கிட்டிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.