ஃபைரோ-பியா, ஈசிஆரா? உறவில் என்ன வேண்டும் என்று அளக்க எது சரி?

ஃபைரோ-பி (FIRO-B), ஈசிஆர் (ECR) இரண்டுமே மனிதர்களிடமிருந்து நாம் எதிர்பார்ப்பதைத் தொடும் உளவியல் கேள்வித்தாள்கள். பயிற்சியாளர்களும் உளவியல் மாணவர்களும் எதை எடுப்பது என்று குழம்புவதில் ஆச்சரியமில்லை.

எதை அளக்கிறது?
ஃபைரோ-பி: உளவியலாளர் வில்லியம் ஷுட்ஸ் 1958-இல் வெளியிட்டது. அமெரிக்கக் கடற்படைக் குழுக்களை ஆராய்ந்ததில் பிறந்தது. சேர்த்துக்கொள்ளப்படுதல், கட்டுப்பாடு, அன்பு என மூன்று தேவைகள். ஒவ்வொன்றிலும் நாம் காட்டுவது எவ்வளவு, பிறரிடம் எதிர்பார்ப்பது எவ்வளவு என்று தனித்தனியாக 0 முதல் 9 வரை மதிப்பெண். இந்தப் பிரிவினைதான் இதன் பலம். யாரையும் விருந்துக்குக் கூப்பிடாமல், தன்னை மட்டும் எல்லோரும் கூப்பிட வேண்டும் என்று நினைப்பவர் பளிச்சென்று தெரிவார்!
ஈசிஆர்: உளவியலாளர்கள் பிரென்னன், கிளார்க், ஷேவர் மூவரும் 1998-இல் வெளியிட்டது. காதல் உறவில் கைவிடப்படுவோமோ என்ற பதற்றம், நெருக்கத்தைத் தவிர்த்தல் ஆகிய இரண்டையும் பார்க்கிறது.

கேள்விகள்?
ஃபைரோ-பி: 54. பல கேள்விகள் ஒரே மாதிரி இருக்கும், சலிப்புத் தட்டும்.
ஈசிஆர்: 36.

செலவு?
ஃபைரோ-பி: காசு கொடுத்து வாங்க வேண்டும்.
ஈசிஆர்: ஆய்வுக்கு இலவசம்.

அலுவலகக் குழுவில் உரசல் என்றால் ஃபைரோ-பி. தம்பதியர் ஆய்வு, மாணவர் ஆய்வேடு என்றால் யோசிக்காமல் ஈசிஆர். அப்புறம், வேலைக்கு ஆள் எடுக்க இரண்டுமே வேண்டாம். வேலை வேண்டும் என்பவர் உண்மையான பதிலையா எழுதுவார்?