அறுபதுக்கு மேல் 350 சிசி வண்டி: வாங்கலாமா?

ஓய்வு பெற்ற கையோடு 350 சிசி பைக் ஒன்று எடுக்கலாமா என்று தக்கலை நண்பர் கேட்டிருந்தார். மைலேஜ், சர்வீஸ் செலவெல்லாம் அவருக்கே அத்துப்படி. அறுபதைத் தாண்டி இந்த வண்டியை ஓட்டுகிறவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது அதன் எடையைப் பற்றித்தான். 195 கிலோ.

ஓடும்போது அந்த எடை தெரியாது. சொல்லப்போனால் அதுதான் துணை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சின்ன வண்டிகளைத் தார் ரோட்டின் விளிம்புவரை தள்ளும். இது லேசாகச் சாய்ந்துகொடுத்துவிட்டு நேரே போகும். லாரியை முந்தும்போது மட்டும் கவனம் வேண்டும். அதன் மறைவு விலகிய நொடியில் காற்று ஒரேயடியாக அறையும்.

நிறுத்தினால்தான் தொல்லை. குலசேகரம், திருவட்டாறு பக்கம் எந்த வீட்டு முற்றம் ரோட்டுக்குச் சமமாக இருக்கிறது? சாயாக்கடை முன்னால் முன்சக்கரம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்திவிட்டால் போதும், திரும்ப மேலே இழுக்கும் பாரம் முழுக்க முழங்காலுக்கும் இடுப்புக்கும்தான். மழையில் செம்மண் ஊறிக் கிடந்தால் கால் ஊன்றவும் பிடி கிடைக்காது. ஷோரூமில் சமதளத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்களே தவிர, சரிவில் ஒருமுறை தள்ளிப் பாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் ஓடுகிற வண்டியைக் காப்பாற்றும், நிற்கிற வண்டி சாய்ந்தால் அதற்கு வேலையில்லை. அப்படிச் சாய்ந்தால் தாங்கிப் பிடிக்கப் போகாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். வளைந்த கம்பியை நிமிர்த்திவிடலாம். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடக்கவே மாதக்கணக்காகும்.

இருட்டிய பிறகு நான் எடுப்பதில்லை. எதிரே எல்இடி வெளிச்சம் அடித்துப் போனபின் கண் தெளிய இப்போதெல்லாம் நேரமாகிறது. 55 வயதுக்கு மேல் லைசென்ஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். அதைச் சடங்காக வாங்காமல் கண்ணையும் காட்டிவிடுங்கள்.

சரி, இத்தனைக்கும் பிறகு ஏன் ஓட்டுகிறேன்? விடியற்காலையில் பேச்சிப்பாறை ரோட்டில் போய்ப் பாருங்கள். ரப்பர் தோட்டத்துக்குள் பால்வெட்டுகிறவர்களின் நெற்றி விளக்குகள் மரத்துக்கு மரம் நகரும். கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் ஈர மண்ணும் குளிரும். மூன்றாம் கியரில் எஞ்சின் அலட்டாமல் ஏறும். “காரை எடுத்தால் என்ன?” என்று வீட்டில் கேட்கிறார்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் இதில் எது வரும்? இறங்கும்போது தோள் வலிக்கும், மனசு மட்டும் அன்று முழுக்க லேசாக இருக்கும்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம் அண்ணாச்சி. இதுவரை பெரிய வண்டி பழகாதவர் நீங்கள், வீடும் மேட்டில். ஒரு 125 சிசி எடுங்கள், நல்ல ஹெல்மெட்டுக்குக் காசு பார்க்காதீர்கள்.

அப்புறம், என் வண்டியை விற்பதானால் சொல்லச் சொன்னீர்கள். விற்கமாட்டேன்.