பென்சீன் வளையம்: கெகுலே வரைவா, உள்வட்டமா?

இளநிலை முதலாண்டு மாணவர்களுக்கான அரோமேட்டிக் சேர்மங்கள் பாடக்குறிப்பை இந்தக் கோடை விடுமுறையில் முழுவதுமாகத் திருத்தி எழுதினேன். ஆறு கார்பன்களின் வளையமான பென்சீனை மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட அறுகோணமாக (கெகுலே வரைவு) வரைவதா, நடுவில் வட்டம் இட்ட அறுகோணமாக வரைவதா என்று நெடுநாள் தள்ளிப்போட்டு வந்த முடிவை அப்போது எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு ஆண்டுகளாக வட்டத்தையே வரைந்து வந்தவன், இப்போது குறிப்பு முழுவதிலும் கெகுலே வரைவுக்கு மாறிவிட்டேன்.

வட்டத்தின் பக்கம் உள்ள நியாயத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜெர்மன் வேதியியலாளர் கெகுலே 1865-இல் முன்வைத்த வளையத்தை எழுத்துக்கு எழுத்து நம்பினால், பிணைப்புகள் நெட்டையும் குட்டையுமாக மாறி மாறி அமைய வேண்டும். ஈத்தேனின் ஒற்றைப் பிணைப்பு 154 பிகோமீட்டர், எத்திலீனின் இரட்டைப் பிணைப்பு 134. பென்சீனிலோ ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், ஏறத்தாழ 139. வளையம் தட்டையானது என்பதை 1929-இல் கேத்லீன் லான்ஸ்டேல் ஹெக்சாமெத்தில்பென்சீன் படிகத்தில் எக்ஸ் கதிர் கொண்டு காட்டிவிட்டார். ஹைட்ரஜனேற்ற வெப்பமும் (இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜன் சேரும்போது வெளியாகும் வெப்பம்) பென்சீன் தனி நிலைத்தன்மை உடையது என்று சொல்கிறது: சைக்ளோஹெக்சீனுக்கு மோலுக்கு 120 கிலோஜூல் என்றால் மூன்று இரட்டைப் பிணைப்புகளுக்கு 360 வர வேண்டும், பென்சீன் தருவது 208 மட்டுமே. ஆறு பிணைப்புகளின் சமத்துவத்தையும் இந்த நிலைத்தன்மையையும் வட்டம் ஒரே பார்வையில் உணர்த்திவிடுகிறது, வரையவும் எளிது.

ஆனால் வினைகளுக்குள் நுழைந்ததும் எலக்ட்ரான்களை எண்ண வேண்டியிருக்கிறது, வட்டத்தை எண்ண முடியாது. என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான். நைட்ரோ ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடர் நைட்ரிக் அமிலமும் அடர் சல்பியூரிக் அமிலமும் சேர்ந்து தரும் நைட்ரோனியம் அயனி வளையத்தைத் தாக்குகிறது. ஒரு மாணவி கரும்பலகையில் வட்டத்தின் விளிம்பிலிருந்து அந்த அயனியை நோக்கி ஓர் அம்பு வரைந்தார். அடுத்த படியில் நைட்ரோ தொகுதி ஏறியிருந்தது, அதே கார்பனில் ஹைட்ரஜனும் இருந்தது, உள்ளே வட்டம் சிறிதும் குறையாமல் இருந்தது, நேர்மின்சுமை வளையத்துக்கு வெளியே ஓரமாக நின்றது. தவறை அவர் மீது சுமத்த எனக்கு மனம் வரவில்லை. மூன்று இரட்டைப் பிணைப்புகளுக்குரிய ஆறு எலக்ட்ரான்களில் எத்தனை போயின, எத்தனை எஞ்சின என்று கேட்பதற்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அதே படியைக் கெகுலே வரைவில் செய்து பார்த்தோம். ஓர் இரட்டைப் பிணைப்பின் இரு எலக்ட்ரான்கள் புதிய பிணைப்பாக மாறுகின்றன, நான்கு எஞ்சுகின்றன, பக்கத்துக் கார்பன் நேர்மின்சுமை பெறுகிறது. எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளை அம்புகளால் நகர்த்தினால், அந்தச் சுமை தாக்குதல் நடந்த இடத்துக்கு இரண்டு ஆர்த்தோ (அடுத்துள்ள) இடங்களிலும் ஒரு பாரா (நேரெதிர்) இடத்திலும் மட்டுமே அமர்கிறது, மெட்டாவுக்கு (ஒன்று விட்டு அடுத்த இடத்துக்கு) போவதில்லை. மெத்தில் தொகுதி ஏறிய பென்சீனான டொலுயீனில் ஆர்த்தோ, பாரா தாக்குதல்கள் ஏன் விரும்பப்படுகின்றன என்பதற்கான விடை இதிலேயே இருக்கிறது: அப்போதுதான் சுமை மெத்தில் தொகுதி உள்ள கார்பனில் வந்து அமர்ந்து அதன் ஆதரவைப் பெறுகிறது. நைட்ரோபென்சீனில் அதே இடத்தில் சுமை அமர்ந்தால் நேர்மின்சுமையுள்ள நைட்ரஜனுக்கு அருகே நிற்க நேரும். ஆகவே வினை மெட்டாவுக்கு ஒதுங்குகிறது. சில நூல்கள் இந்த இடைநிலையைக் குதிரை லாடம் போன்ற திறந்த வளைவாக வரைகின்றன. அது வட்டத்தைவிட மேல் என்றாலும், மூன்று கார்பன்களில் நிற்கும் சுமையை ஐந்திலும் பரவியதுபோல் காட்டி, நமக்குத் தேவையான செய்தியையே அழித்துவிடுகிறது.

கெகுலேயின் இரு வரைவுகளும் வெறும் கணக்கு உதவிதானா என்று கேட்பவர்களுக்கு நான் ஆர்த்தோ சைலீனின் ஓசோனேற்றத்தை (ஓசோன் இரட்டைப் பிணைப்புகளை வெட்டும் வினை) காட்டுகிறேன். மெத்தில் தொகுதிகள் உள்ள இரு கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு உள்ள வரைவை வெட்டினால் இரண்டு மெத்தில்கிளையாக்சாலும் ஒரு கிளையாக்சாலும் வரும். மற்ற வரைவை வெட்டினால் ஒரு டைமெத்தில்கிளையாக்சாலும் இரண்டு கிளையாக்சாலும் வரும். இரண்டையும் கூட்டினால் கிளையாக்சால் மூன்று, மெத்தில்கிளையாக்சால் இரண்டு, டைமெத்தில்கிளையாக்சால் ஒன்று. 1932-இல் லெவைன், கோல் ஆகியோர் செய்த சோதனையில் இந்த மூன்று சேர்மங்களும் கிடைத்தன. இதனால் இருவகை மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன என்று ஆகிவிடாது. ஒரே மூலக்கூறு இரு வரைவுகளுக்கும் சமமாகப் பொருந்துகிறது.

வளையங்கள் இணையும்போது வட்டம் மேலும் தடுமாறுகிறது. 1925-இல் ஆர்மிட்டும் ராபின்சனும் வட்டத்தைக் கொண்டுவந்தபோது அது ஆறு எலக்ட்ரான்களின் தொகுதியைக் குறித்தது. இரு வளையங்கள் இணைந்த நாஃப்தலீனில் இரண்டு வட்டம் போட்டால் பன்னிரண்டு என்று பொருள்படும், இருப்பவையோ பத்து. அதன் மூன்று உடனிசைவு அமைப்புகளையும் (ஒரே மூலக்கூறுக்கான மாற்று வரைவுகள்) வரைந்தால் 1, 2 கார்பன்களுக்கு இடையே இரண்டில் இரட்டைப் பிணைப்பு இருக்கும். அளந்து பார்த்தாலும் அது ஏறத்தாழ 137 பிகோமீட்டர், 2, 3 பிணைப்பு ஏறத்தாழ 141. மூன்று வளையங்கள் இணைந்த பினாந்த்ரீனில் ஐந்து அமைப்புகளில் நான்கு 9, 10 பிணைப்பை இரட்டையாகக் காட்டுகின்றன, புரோமின் சேர்வதும் அங்கேதான். நைட்ரஜன் உள்ள வளையங்களான பிரிடின், பிர்ரோல் ஆகியவற்றின் தனித்த இணை எலக்ட்ரான்கள் ஆறில் சேருமா சேராதா என்பதையும் வட்டம் சொல்வதில்லை.

கெகுலே வரைவுக்கு ஒரு பராமரிப்புச் செலவு உண்டு. ஆர்த்தோ டைபுரோமோபென்சீனில் இரண்டு வகை உண்டா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது, எழத்தான் வேண்டும். முதல் வகுப்பில் இரு வரைவுகளையும் இருமுனை அம்புடன் அருகருகே வரைந்து, இது சமநிலை அன்று, மூலக்கூறு அங்கும் இங்கும் ஊசலாடவில்லை என்று விளக்க ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். இரண்டாம் மாதத்தில் அதை மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நேரம் வினைவழிமுறைகளில் பலமடங்காகத் திரும்பக் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

இவ்வளவும் முதலாண்டு வகுப்பறையிலிருந்து எடுத்த முடிவு. பெரிய பல்வளையச் சேர்மங்களில் வேலை செய்பவர்கள், எந்த வளையங்களுக்கு ஆறெலக்ட்ரான் தொகுதி உரியது என்பதை மட்டும் வட்டமிட்டு மற்றவற்றை இரட்டைப் பிணைப்பாக வரையும் கிளாரின் முறையைப் பயன்படுத்துகிறார்கள். பினாந்த்ரீனில் இரு முனை வளையங்களுக்கும் வட்டமும் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பும் வரும். டைபென்சீன்குரோமியம் போன்றவற்றில் ஆறு கார்பன்களும் உலோகத்தோடு ஒரே வகையில் பிணைவதைக் காட்ட வட்டமே பொருத்தமாகத் தெரிகிறது. அந்தத் துறைகளில் நான் பாடம் எடுத்ததில்லை என்பதால், அங்கே கெகுலே வரைவுக்காக வாதாட மாட்டேன். வினை எதுவும் நிகழாத இடங்களில், எடுத்துக்காட்டாகக் கரைப்பானாக மட்டும் பென்சீன் வரும் படங்களில், என் குறிப்பிலும் பழைய வட்டங்கள் சில அப்படியே இருக்கின்றன.