மதுரையில் இரைப்பை பைபாஸ்: கிலோ கணக்கு கடைசியில்

கீழக்கரையில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ குறைஞ்சது?" நன்றாகவே குறைந்தது. ஆனால் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் செய்துகொண்ட இந்த எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு மார்க் போடச் சொன்னால், எடைக்கு முன்னால் வேறு நாலு விஷயம் வந்து நிற்கிறது.

முதலில் சர்க்கரை. இன்சுலின் ஊசியோடு போய்ச் சேர்ந்தவள் நான். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஊசி அளவைப் பாதியளவுக்கும் கீழே இறக்கிவிட்டார்கள். இப்போது ஒரு மாத்திரையோடு சரி. எடை இறங்கத் தொடங்கும் முன்பே இது எப்படி என்று சர்ஜனிடம் கேட்டேன். தாளில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையின் மேல்பக்கம் முட்டை அளவுக்கு ஒரு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் தள்ளி நேராக இணைத்துவிடுகிறார்கள். சாப்பாடு குடலின் தொடக்கத்தைத் தொடாமல் சீக்கிரம் கீழே போவதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து இன்சுலினைத் தூண்டிவிடுகிறது. இப்போது எல்லாரும் பேசுகிற எடைக் குறைப்பு ஊசிகளும் இந்த ஹார்மோனின் வேலையைத்தான் செய்கின்றன. பல வருடச் சர்க்கரை என்றால் முழுதாகப் போகாது, போனாலும் திரும்பலாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குழாய் மாதிரி ஆக்குகிற ஸ்லீவ் அறுவை செய்தால் செலவு குறையுமே என்றதற்கு, எண்டோஸ்கோப்பியைக் காட்டி, நெஞ்செரிச்சல் இருக்கிறவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடும் என்று மறுத்துவிட்டார். இப்போது புளி ஆணம் (குழம்பு) ஊற்றிச் சாப்பிட்டாலும் நெஞ்சு எரிவதில்லை.

குறட்டை என்று வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தோமே, அது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி என்பதே அங்கே எடுத்த தூக்கப் பரிசோதனையில்தான் தெரிந்தது. ராத்திரி மூச்சு நிற்காமல் காற்றை அழுத்தித் தருகிற சிபாப் மெஷினை முகத்தில் மாட்டினார்கள். எடை இறங்கிய பிறகு மறுபடி பரிசோதித்துத்தான் அதைக் கழற்றச் சொன்னார்கள். பகலில் தையல் மெஷின் முன்னால் கண் சொக்குவது போயே போச்சு. பிரஷர் மாத்திரையும் இரண்டிலிருந்து ஒன்றானது. நாற்காலி போட்டுத் தொழுதவள், இப்போது தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்து கையூன்றாமல் எழுந்திருக்கிறேன். இதற்கு எத்தனை கிலோ என்று எழுதுவது?

குறைகளும் உண்டு. டயட்டீஷியன் தந்த தாளில் பன்னீர், டோஃபு, ஓட்ஸ். கீழக்கரையில் டோஃபுவுக்கு எங்கே போக? தினம் அறுபது கிராமாவது புரதம் வேண்டும் என்றார்கள். கடற்கரை ஊர்க்காரிக்கு மீனைப் பற்றி ஒரு வரி இல்லை. லாத்தாதான் (அக்கா) கிழங்கான் மீனைக் காரமில்லாமல் அவித்து, முள் எடுத்து, விரலால் மசித்துத் தந்தார். நோன்பு எப்போது பிடிக்கலாம் என்றதற்கும் டயட்டீஷியன் முழித்தார். சர்ஜன்தான், தண்ணீரையே மிடறு மிடறாகக் குடிக்கிற முதல் வருடத்தில் வேண்டாம் என்றார். மூன்றாம் மாசம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதே, அது தற்காலிகம் என்று ஒருத்தராவது முன்பே சொல்லியிருக்கலாம். பி12, இரும்புச்சத்து, கால்சியம் எல்லாம் ஆயுசுக்கும் எடுக்க வேண்டியவை. அதை டிஸ்சார்ஜ் தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். போன் செய்தால் பாட்டுத்தான் கேட்கிறது.

எங்கள் ஊர் இனிப்பான தொதல் போச்சு, அதைச் சொல்லியாக வேண்டும். இனிப்பு ஒரேயடியாகக் குடலுக்குள் இறங்கினால் வேர்த்து, நெஞ்சு படபடத்து, படுக்க வைத்துவிடும்.

இன்சூரன்ஸ் சங்கதி தனி. 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 27.5-லேயே இந்த அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. இங்கே பாலிசிக்காரர்கள் கேட்பது 40, அல்லது 35-உடன் கட்டுக்கடங்காத சர்க்கரை மாதிரி கடுமையான நோய்.

சர்ஜனுக்கு ஐந்துக்கு ஐந்து, பின்கவனிப்புக்கு இரண்டு. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போகிறவர்கள், ரத்தப் பரிசோதனையை ஊர் லேபில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்ப்பார்களா, யார் பார்ப்பார்கள் என்று பணம் கட்டும் முன்பே பெயரோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.