மூன்றாவது ஸ்கெக் கம்பி

"ஸ்கெக் வைத்த கயாக் வாங்கவா, ரடர் வைத்தது வாங்கவா?" என்று புதிதாகக் கடலுக்கு வரும் நண்பர் கேட்டிருந்தார். (ஸ்கெக் என்பது படகின் பின்னடியில் ஏற்றி இறக்கும் தகடு, ரடர் என்பது படகைத் திருப்பும் சுக்கான்.) கேட்ட வேளை சரியில்லை. நான்கு வருடத்தில் மூன்றாவது முறையாகக் கம்பி மாற்றிய கையோடு எழுதும் பதில் இது. இழை குத்திய விரல் இன்னும் எரிகிறது. கோபத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

படகு பிரிட்டிஷ் பாணிக் கடல் கயாக். மூன்றடுக்கு பாலிஎத்திலீன், ஐந்து மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 55 செ.மீ., எடை 27 கிலோ. மற்ற அளவுகள் எல்லாம் விளம்பரத்திலேயே இருப்பவை, திரும்ப எழுதப்போவதில்லை. ஓடியது பாக் விரிகுடாப் பக்கம்: தேவிபட்டினம், பிரப்பன்வலசை, மண்டபம். கம்பெனிப் பெயரும் வேண்டாம். கம்பி வைத்த ஸ்கெக் எந்தக் கம்பெனியில் வந்தாலும் சங்கதி ஏறக்குறைய இதுதான்.

முதலில் நியாயம். இந்தப் படகின் அடிவடிவம் அருமை. லேசான வி வடிவ அடி, உருண்டையான பக்கங்கள், அளவான அடிவளைவு. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வாடை அடிக்கும் மாதங்களில் அங்கே நீண்ட அலை வராது. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். நீளமான நேர் அடிப் படகுகள் அந்த அலைகளைக் குத்திக்கொண்டு போய் மார்பில் தண்ணீரைக் கொட்டும். இது ஏறி இறங்கிப் போகிறது. நான்கு வருடத்தில் ஓட்டத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியவில்லை.

குறை முழுவதும் பின்பக்கத்தில், கை நீளம்கூட இல்லாத ஒரு தகட்டிலும் அதைத் தள்ளும் கம்பியிலும்.

ஸ்கெக் எதற்கு என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். படகு முன்னே போகும்போது அணியம் (படகின் மூக்கு) தண்ணீரைக் கிழிப்பதால் அங்கே இருபுறமும் அழுத்தம் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் கலங்கிய நீரில் தளர்வாகத் தொங்கும். பக்கக் காற்று அடித்தால் தளர்வான பின்பக்கம்தான் ஒதுங்கும். மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பிவிடும். ஸ்கெக் தகட்டை இறக்கினால் பின்பக்கத்துக்கும் பிடி கிடைக்கும். எதிர்காற்றுக்கு முழுக்க மேலே, பக்கக் காற்றுக்குக் கால் பங்கிலிருந்து பாதி வரை, பின்காற்றுக்கு முழுக்கக் கீழே. இது சுக்கான் அல்ல, படகைத் திருப்பாது. சமன் செய்யும், அவ்வளவுதான். சரியாக வேலை செய்யும் நாளில் தகட்டை ஏற்றி இறக்கும் பிடியான ஸ்லைடரை ஒரு விரல் அகலம் நகர்த்தினால் போதும், பக்கக் காற்றில் பத்துக் கிலோமீட்டர் போனாலும் இரண்டு கையும் ஒரே பலத்தில் துடுப்புப் போடும். அந்தச் சுகம் ரடரில் இல்லை என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இனி கம்பி. தொடைப் பக்கத்தில் ஸ்லைடர். அதிலிருந்து மூன்று மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பின்பக்கப் பெட்டியில் இருக்கும் தகட்டுக்குப் போகிறது. தகட்டை ஏற்றும்போது கம்பி இழுபடும், இறக்கும்போது தள்ளப்படும். தொந்தரவே இந்தத் தள்ளலில்தான். குழாய்க்குள் இருக்கும் வரை கம்பி வளைய இடமில்லை. ஸ்லைடருக்கும் குழாயின் வாய்க்கும் நடுவே நாலைந்து விரல் நீளம் வெறுமனே நிற்கிறது. தகடு சிக்கியிருப்பது தெரியாமல் ஸ்லைடரைத் தள்ளினால் கம்பி அந்த இடத்தில் முழங்கை மாதிரி மடங்கும். ஒருமுறை மடங்கிய எஃகுக் கம்பியை நிமிர்த்தலாம், ஆனால் அது மறக்காது. அடுத்த முறையும் அதே இடத்தில்தான் மடங்கும்.

தகடு சிக்குவது ஏன்? மணல். சரளைக் கடற்கரைகளில் ஒரு கல் செருகிக்கொள்ளும், தட்டினால் விழும். நம் கரையில் கிளிஞ்சல் தூளும் பருமணலும் கலந்து பெட்டிக்குள் சாந்து பூசினாற்போல் இறுகிவிடுகின்றன. அதற்கு வழி செய்துகொடுப்பதும் ஓட்டுபவர்தான். முன்கைப்பிடியைப் பிடித்துப் படகை இழுத்தால் பின்பக்கம் தரையில் தேய்ந்து, ஸ்கெக் பிளவு மணலை வாரிக்கொள்ளும். ஆள் இல்லாமல் இழுத்தே ஆகவேண்டுமென்றால் பின்கைப்பிடியைப் பிடித்து, அணியம் தரையில் படும்படி இழுங்கள். கடலில் இறக்கும்போதும் கதை இதுதான். அணியம் அலையில் மிதக்க, பின்பக்கம் மணலில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு அலையும் பெட்டிக்குள் மணலை அடிக்கும். முழங்கால் தண்ணீரில் படகை முழுக்க மிதக்கவிட்டு, ஏறுவதற்கு முன் தகட்டைக் கையால் ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்ப்பது ஒன்றே வழி.

இரண்டாவது காரணம், தகடு கீழே இருப்பதை மறந்து கரையில் ஏறுவது. தரை தகட்டை மேலே தள்ளும். அந்தத் தள்ளல் கம்பி வழியாக ஸ்லைடருக்கு வந்து, ஸ்லைடர் உப்பில் இறுகியிருந்தால், மறுபடி அதே நாலு விரல் இடத்தில் வெடுக்கென்று மடங்கும்.

இதில் வெறும் எரிச்சலையும் ஆபத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தகடு மேலே மாட்டிக்கொண்டால் எரிச்சல்தான். படகு காற்றைப் பார்த்துத் திரும்பும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பிரப்பன்வலசைப் பக்கம் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால், காற்றுமுகம் என்பது கரைமுகம். கைவலியோடு வீடு வந்து சேரலாம். தகடு முழுக்கக் கீழே மாட்டிக்கொண்டால் கதை வேறு. மூக்கு காற்றுக்குத் திரும்ப மறுக்கும், படகு காற்று போகும் திசைக்கே விலகப் பார்க்கும். வடகடல், அதாவது இந்தப் பாக் விரிகுடாப் பக்கம், அந்த மாதங்களில் கரையோரம் குளம் மாதிரி கிடக்கும், ஆளை ஏமாற்றும். ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால்தான் காற்றின் பலம் தெரியும். ஆகவே கரையிலிருந்து அடிக்கும் காற்றில், மணல் சந்தேகம் இருக்கும் நாளில், தகட்டைப் பாதிக்கு மேல் இறக்காதீர்கள்.

கம்பி மாற்றும் முறை, தேவைப்படுபவர்களுக்கு. படகைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்லைடரில் இருக்கும் இரண்டு சின்னத் தலையில்லாத் திருகுகளை ஆலன் கீயால் தளர்த்துங்கள் (பெரும்பாலும் 2 அல்லது 2.5 மி.மீ.). உப்பில் கடித்துக்கொண்டிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள். அவசரப்பட்டால் திருகின் வாய் உருண்டுவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். தகட்டின் ஊசியைத் தட்டிக் கழற்றி, தகட்டோடு கம்பியைப் பின்பக்கமாக உருவுங்கள். குழாய்க்குள் நல்ல தண்ணீரை வேகமாகப் பாய்ச்சினால் காபிப்பொடி மாதிரி மணல் வரும். வருவது நிற்கும் வரை விடுங்கள்.

புதுக் கம்பி 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பால்கனிக் கைப்பிடி கட்டுபவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். 304 தருவார்கள், மினுமினுப்பாகத்தான் இருக்கும், ஆனால் கடலில் பழுப்பு ஏறும். பின்னல் 1×19 (பத்தொன்பது இழை, ஒரே புரி) ஆக இருந்தால் விறைப்பு அதிகம், தள்ள நன்றாக இருக்கும். 7×19 (பத்தொன்பது இழைப் புரிகள் ஏழு) கயிறு மாதிரி குழையும், வேண்டாம். சைக்கிள் பிரேக் கம்பி போட்டுப் பார்க்கலாமே என்று எல்லாருக்கும் ஒரு தடவை தோன்றும். அது இழுக்க மட்டுமே லாயக்கு, தள்ளினால் நூடுல்ஸ். பழைய கம்பியை அளந்து ஒரு சாண் கூடுதலாக வாங்குங்கள். வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, மெல்லிய டிஸ்க் போட்ட கிரைண்டரால் வெட்டி, நுனியில் சூப்பர் பசை ஊற்றி, காய்ந்தபின் அரத்தால் உருட்டுங்கள். கட்டிங் பிளேயரால் கடித்தால் இழை பிரியும். பிரிந்த இழை குழாய்க்குள் போகாது, விரலுக்குள் போகும்.

பூட்டும்போது தகடு முழுக்க உள்ளே இருக்கட்டும், ஸ்லைடர் தன் மேல்முனையை முட்டுவதற்கு மூன்று மில்லிமீட்டர் முன்னால் நிற்கட்டும். அந்த இடைவெளி விடாவிட்டால் தகடு முழுக்க மேலே போகாமல் நுனி நீட்டிக்கொண்டிருக்கும், கரையில் ஏறும் ஒவ்வொரு முறையும் அடிபடும். திருகை இறுக்கி, பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு மிச்சக் கம்பியை வெட்டுங்கள். முதலிலேயே வெட்டாதீர்கள்.

வராமல் தடுக்க: தகட்டின் பின்நுனியில் 3 மி.மீ. துளை போட்டு உள்ளங்கை நீளக் கயிறு ஒன்றை வளையமாகக் கட்டுங்கள். கூட வருபவர் தண்ணீரிலேயே இழுத்துவிடலாம். பெட்டிக்குள் கிரீஸ் தடவாதீர்கள், மணல் அதில்தான் சந்தோஷமாக ஒட்டும். தகடு பெட்டியில் இறுக்கமாக ஓடினால் இருபக்கமும் உப்புத்தாளால் அரை மில்லிமீட்டர் தேய்க்கலாம். பிளாஸ்டிக் படகில் இன்னொன்று: வெயில். காரின் மேல் வரிந்து கட்டி இராமநாதபுரம் மத்தியான வெயிலில் நிறுத்தினால் அடிப்பக்கம் குழியும், ஸ்கெக் பெட்டியின் வாயும் குறுகித் தகட்டைக் கவ்வும். கட்டை லேசாகத் தளர்த்தி நிழலில் விட்டால் பாதி தானாகச் சரியாகும். மீதிக்குச் சூடான தண்ணீர் ஊற்றி உள்ளிருந்து அழுத்த வேண்டும்.

கம்பி மடங்கிய நாளில் கடலில் என்ன செய்வது? ஐந்து லிட்டர் தண்ணீர்ப் பையைப் பின் அறைக்கு மாற்றுங்கள். பின்பக்கம் கொஞ்சம் அமிழ்ந்தாலே காற்றுக்குத் திரும்புவது பாதி குறையும். மீதியைக் காற்று வரும் பக்கம் இடுப்பைச் சாய்த்து, அந்தப் பக்கம் துடுப்பை அகலமாக வீசிச் சமாளிக்கலாம். நார்ட்காப் என்ற பிரிட்டிஷ் கடல் கயாக் 1975இல் வடிவமைக்கப்பட்டது. 1977இல் நான்கு பேர் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்னைச் சுற்றியது அதில். இன்று வரும் பிரிட்டிஷ் பாணிப் படகு பலவற்றுக்கும் பெரியப்பா முறை. அந்த வம்சத்துப் படகை இடுப்பால் ஓட்டப் பழகாமல் ஸ்கெக்கை மட்டும் நம்பினால் தப்பு நம் பேரில்தான்.

புது வடிவங்களைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். ராக்பூல் டாரன் மாதிரி செங்குத்து அணியமும் ரடரும் கொண்ட வேகப் படகுகளைப் பார்த்தால் கை பரபரக்கும். கணக்கைப் பாருங்கள். நீர்க்கோட்டு நீளம் 15 அடி இருந்தால் படகு தன் அலையிலேயே மாட்டிக்கொள்ளும் வேகம் சுமார் 5.2 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்). 17.5 அடிக்கு 5.6. வித்தியாசம் அரை நாட்கூட இல்லை. நாள் முழுக்கத் துடுப்புப் போடுபவர் ஓடுவது மூன்று, மூன்றரை நாட் வேகத்தில். அங்கே நீளம் கூடக்கூட நனையும் பரப்புதான் கூடும். போட்டிக்கும், பின்அலையில் சறுக்கிப் போகவும், நீண்ட பயணத்துக்கும் அவை சரி. டெல்ஃபின் என்ற கயாக் மாதிரி இருக்கைக்குப் பின்னால் தட்டையான அடி கொண்டவை அலையில் விளையாட. பெரிய அலை உடைவது அபூர்வமான பாக் விரிகுடாவில் அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

ரடரில் கம்பி இழுபட மட்டுமே செய்கிறது. அதனால் மெல்லிய கம்பியோ கயிறோ போதும், மடங்காது. பழைய ரடர்களில் கால்மிதி முழுக்க நகர்ந்து, உந்துவதற்குப் பிடி இருக்காது. இப்போது மிதி நிலையாக இருந்து நுனிவிரல் மட்டும் திருப்பும் வகை வந்துவிட்டது. பின்னால் தொங்கும் ரடர் அலையுச்சியில் காற்றில் ஆடும், நண்டு வலைக் கயிற்றில் மாட்டும். நடுவழியாக, கயிறும் ரப்பரும் வைத்த ஸ்கெக் இருக்கிறது. ரப்பர் ஒருபக்கம் இழுக்கும், கயிறு மறுபக்கம் இழுக்கும், தள்ளுவது என்ற பேச்சே இல்லை. சிக்கினால் சிக்கி நிற்கும், எதுவும் உடையாது. நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் தொய்யும். மாற்ற ஆகும் செலவு ஒரு டீ, வடை.

ஆக இன்றைய பதில்: இந்தப் படகை வாங்காதீர்கள். இவ்வளவு நல்ல அடிவடிவத்தைச் செய்யத் தெரிந்தவர்கள், வெறுமனே நிற்கும் அந்த நாலு விரல் கம்பிக்கு ஒரு எஃகு உறைக்குழாய் போடவில்லை. அந்தச் சோம்பலுக்குக் காசு கொடுக்கக் கூடாது. என் படகு விற்பனைக்கு வருமா என்று கேட்காதீர்கள், வராது.

கடையில் எந்தக் கம்பி ஸ்கெக்கைப் பார்த்தாலும் தகட்டை முழுக்க இறக்கிவிட்டு, உள்ளங்கையால் மெதுவாக மேலே அழுத்துங்கள். ஸ்லைடர் தானாகப் பின்வாங்கினால் சரி. ஸ்லைடர் அசையாமல் கம்பி வில்லாக வளைய ஆரம்பித்தால் கையை எடுத்துவிடுங்கள். அதையும் மீறி அந்தப் படகுதான் வேண்டுமென்றால், உதிரிக் கம்பி இரண்டும் ஆலன் கீ ஒன்றும் விலையோடு சேர்த்துக் கேளுங்கள்.