அஞ்சு ரூபாய் நாப்கின் மெஷின்: 5-க்கு 2 மார்க்

எங்கள் பள்ளியில் படித்த 99 செட் பிள்ளைகள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு மெஷின் வாங்கித் தந்தார்கள். ஒன்று, அஞ்சு ரூபாய் துட்டு போட்டால் ஒரு நாப்கினைத் தள்ளும். இன்னொன்று, பயன்படுத்திய நாப்கினை எரித்துச் சாம்பலாக்கும், அல்லது அப்படிச் சொல்லி விற்றார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பில். பேர் எழுதவில்லை, வாங்கப் போகிறவர்களுக்கு மெஷினின் குணம் தெரிந்தால் போதும். இந்த மாசம் மட்டும் மூன்று பள்ளியிலிருந்து "டீச்சர், வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போச்சு. அதனால் எழுதிவிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குளச்சலுக்கும் நடுவில் இருக்கிற எய்டட் பள்ளி எங்களுடையது. 28 வருஷமாக அறிவியல் டீச்சர் நான். பெண் பிள்ளைகள் 310 பேர், அவர்களுக்குக் கழிப்பறை ஏழு. அரசு இலவசமாகத் தருகிற புதுயுகம் நாப்கின் பாக்கெட்டை எண்ணி வாங்குவதும், அலமாரியில் மாற்றுப் பாவாடை வைத்திருப்பதும், முதல்முதலாக வயசுக்கு வந்து அழுகிற ஆறாம் வகுப்புப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவதும் என் பொறுப்பு.

முதலில் மெஷினை மாட்டிய இடத்தைச் சொல்கிறேன். ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே, வராந்தாவில், பையன்கள் தண்ணீர் குடிக்கும் பைப்புக்கு நேர் எதிரே. ப்ளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறதாம். போட்டோ எடுக்கவும் நல்ல வெளிச்சம். மெஷினைவிடப் பெரிசாக ஒரு கிரானைட் பலகை, அதில் 99 செட் என்று பொன் எழுத்து. எந்தப் பிள்ளை அங்கே வந்து நின்று துட்டு போடும்? முதல் மாசம் விற்றது நாலே நாலு. அதிலும் இரண்டு நான் சோதித்துப் பார்த்தது. சண்டை போட்டுத்தான் பெண்கள் கழிப்பறைக்குள் மாற்ற வைத்தேன். பலகை வராந்தாவிலேயே நிற்கிறது.

உள்ளே மாற்றிய பிறகுதான் அதன் சுபாவம் தெரிந்தது. அஞ்சு ரூபாயில் இரண்டு வகைத் துட்டு புழங்குகிறது இல்லையா, பழைய கனத்த வெள்ளைத் துட்டு ஒன்று, மஞ்சள் நிறத் துட்டு ஒன்று. மஞ்சளைத்தான் இது எடுக்கும். வெள்ளையைப் போட்டால் விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும். "டீச்சர், துட்டு போட்டாச்சு, விழ மாட்டேங்கு" என்று வகுப்பு வாசலில் ஒரு பிள்ளை ரகசியக் குரலில் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கும். அவசரத்துக்கு வந்த பிள்ளை அவள்.

துட்டு என்ற ஏற்பாடே தப்பு என்பது எனக்கு ஆறு மாசம் கழித்துத்தான் உறைத்தது. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே பஸ் பாஸ். மதியம் சத்துணவு. பெட்டியில் அஞ்சு ரூபாய் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை பள்ளிக்கு வருகிறது? மெஷின் செய்தவர்கள் இந்த ஊர்ப் பிள்ளையின் காம்பஸ் பாக்ஸைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு கூத்து. நமக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே. கடல்காற்றும் சேர்ந்து, நாப்கினைத் தள்ளுகிற சுருள்கம்பியில் துரு ஏறிவிட்டது. பாக்கெட் பாதி வழியில் சிக்கி, கண்ணாடிக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு தொங்கும். ரீஃபில் அவர்களிடமே வாங்க வேண்டும், வேறு சைஸ் போட்டால் சிக்கும். ஒரு ரீஃபில் பில்லில் 12 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். நாப்கினுக்கு அந்த வரியை 2018 ஜூலையிலேயே எடுத்தாச்சே என்று கேட்டேன். "டைப்பிங் மிஸ்டேக் மேடம்." சர்வீஸுக்கு ஆள் வர 41 நாள். சர்வீஸுக்கு மார்க் பூஜ்யம்.

நாப்கின் எப்படி? அதை வகுப்பிலேயே வைத்துப் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பு பெண் பிள்ளைகளோடு லேபில் உட்கார்ந்து மூன்று நாப்கினைப் பிரித்தேன்: மெஷினுடையது ஒன்று, புதுயுகம் ஒன்று, கடையில் வாங்கிய விலை கூடினது ஒன்று. அளவு ஜாடியில் பத்துப் பத்து மில்லியாக, சிவப்பு மை கலந்த தண்ணீர். மெஷினுடையது இருபதைத் தாண்டியதும் ஓரத்தில் கசிந்தது. புதுயுகம் அதைவிடக் கொஞ்சம் தாங்கியது. கடை நாப்கின் முப்பது மில்லியையும் குடித்துவிட்டுப் பேசாமல் கிடந்தது. கத்தரிக்கோலால் அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே பளபளவென்று வழுவழுப்பான மணிகள். "டீச்சர், சவ்வரிசிப் பாயாசம் மாதிரி இருக்கு!" என்றாள் ஒருத்தி, வகுப்பே சிரித்தது. அந்த மணிகள்தான் தண்ணீரைப் பல மடங்கு உறிஞ்சி ஊதுகிற பாலிமர். இதைக் கிளாசெட்டுக்குள் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பதில் வரவில்லை, போன மாசம் பிளம்பர் கம்பி விட்டு எதை இழுத்தார் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குப் பிறகு அடைப்பு ஒரே ஒரு தடவைதான் வந்தது. நாப்கினுக்கு ஐ.எஸ். 5405 என்று ஒரு தரக் குறியீடு இருக்கிறது. மெஷின் பாக்கெட்டில் தேடினேன், இல்லை. வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

இலவசமாகத்தான் புதுயுகம் வருகிறதே, மெஷின் எதற்கு என்று பி.டி.ஏ. கூட்டத்தில் ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு மாசத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. மாசத்துக்கு ஒன்பது நாப்கின். அஞ்சு நாள், நாளுக்கு நாலு என்று மாற்றினால் இருபது வேண்டும். மிச்சம் பதினொன்றுக்கு அவள் எங்கே போவாள்? ஒன்றையே காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்திருப்பாள். அதே கூட்டத்தில் இன்னொருவர் எழுந்து, "இது நம்ம கோயம்புத்தூர் முருகானந்தம் கண்டுபிடிச்ச மெஷின்தானே, பத்மஸ்ரீகூடக் கொடுத்தாங்களே" என்றார். அவருடையது நாப்கின் செய்கிற மெஷின் அண்ணே, இது நாப்கினை விழுங்கிக்கொண்டு நிற்கிற மெஷின் என்றேன்.

இனி எரிக்கிற மெஷின். இதற்கு அரை மார்க், அதுவும் பெட்டி பெயின்ட் நன்றாக இருப்பதால். 15 ஆம்ப்ஸ் ப்ளக் தனியாக இழுக்க வேண்டியிருந்தது. புகைக்குழாயை ஜன்னல் வழியே வெளியே விட்டார்கள்; அதற்கு நேர் மேலே ஒன்பதாம் வகுப்பு பி. முதல் நாள் சுவிட்ச் போட்டதும் மேலேயிருந்து பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்கள். "ஒட்டுப்பால் கருகின நாத்தம் டீச்சர்." ரப்பர் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகள், சரியாகத்தான் சொன்னார்கள். நாப்கினில் நிறையப் பிளாஸ்டிக் இருக்கிறது. 800 டிகிரிக்கு மேல் சூடு நின்றால்தான் ஒழுங்காக எரியும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. குறைந்த சூட்டில் எரித்தால் டயாக்சின் மாதிரி நச்சுப்புகை வரும். எத்தனை டிகிரி வரும் என்று கம்பெனிக்காரரிடம் கேட்டேன். "நல்லா சூடாகும் மேடம்" என்றார்.

சாம்பல் தட்டைத் திறந்து அள்ள வேண்டியது எங்கள் துப்புரவு அக்கா. மூன்றாம் நாள் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். "டீச்சரே, சாம்பலுன்னா சொன்னாங்க? பாதி அப்படியே கெடக்கு பாருங்க. இந்தச் சவத்த நான் இனி தொறக்க மாட்டேன்." வெளியே கருகி, உள்ளே ஈரம் போகாமல், தட்டோடு ஒட்டிக் கிடந்தது. ஈர்க்கிலால் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார், கையுறைகூட யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. அன்றைக்கே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். இப்போது அதன்மேல் துடைப்பம் சாய்த்து வைக்கிறோம்.

கோடை லீவில் கொஞ்சம் வாசித்தேன், நாம்தான் முட்டாள்களா என்று பார்க்க. நேபாளத்தில் சித்வனில் 198 பிள்ளைகளை எடுத்து, பாதிப் பேருக்கு மாதவிடாய் கப் (உடம்புக்குள் வைத்து எடுத்து, கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற சின்னக் கிண்ணம்) கொடுத்து, வருகைப் பதிவேட்டை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் வெளியான ஆய்வு. கப் கிடைத்த பிள்ளைகளின் வருகை கூடவேயில்லை. மாதவிடாயால் போகிற நாளே வருஷத்துக்கு அரை நாளுக்கும் குறைவு என்று வந்திருக்கிறது. நம் நாட்டில் 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த கணக்கோ, கால்வாசிப் பிள்ளைகள் அந்த நாட்களில் பள்ளிக்கு வருவதில்லை என்கிறது. எது சரி? காலை அட்டெண்டன்ஸ் எடுக்கிறவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பிள்ளை வருவாள், பெயர் பதிவாகும், மதியம் "வயித்துவலி டீச்சர்" என்று அவுட் பாஸ் வாங்கிப் போவாள். பதிவேட்டில் அவள் முழுநாள். போகாதவள் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள், கழிப்பறைக்குப் போக வேண்டாமே என்று. அதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

ஏன் போக வேண்டாம் என்று நினைக்கிறாள்? அவுட் பாஸ் வாங்க வந்த ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டேன். "கொண்டி இல்லல்லா டீச்சர். ஒரு கையால கதவப் பிடிக்கணும். மத்தக் கையால என்னத்த மாத்த?"

ஏழு கதவில் இரண்டுக்குத்தான் கொண்டி இருந்தது. 28 வருஷம் இதே பள்ளியில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. டீச்சர்களுக்குத் தனிக் கழிப்பறை.

தக்கலை ஹார்டுவேர் கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டவர் போல்ட், ஆறு இஞ்ச், ஏழு வாங்கினேன். ஒன்று 120 ரூபாய். இரும்பு வாங்காதீர்கள், கடல்காற்றில் ஒரு வருஷம் தாங்காது. கூடவே ஒவ்வொன்றுக்கும் வாளி, கப்பு, கதவுக்குப் பின்னால் பாவாடை மாட்ட ஒரு கொக்கி, காலால் மிதித்துத் திறக்கிற மூடி போட்ட குப்பைத் தொட்டி. அந்தத் தொட்டி சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2024-ல் வெளியிட்ட கணக்கில், உலகத்தில் 31 சதவீதப் பள்ளிகளில்தான் பெண் கழிப்பறைக்குள் இதற்கென்று தொட்டி இருக்கிறது. மோட்டாரைக் காலையிலும் மதியமும் போட வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வைத்தேன். மொத்தச் செலவு எரிக்கிற மெஷினின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொண்டிக்கு 5-க்கு 5.

குறை இல்லாமல் இல்லை. 25 பெண் பிள்ளைக்கு ஒரு கழிப்பறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களுக்கு 44 பேருக்கு ஒன்று. பத்து நிமிஷ இன்டர்வெல்லை 44-ஆல் வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 14 விநாடி. அதனால் வகுப்பு நடக்கும்போதே கேட்காமல் எழுந்து போகலாம் என்று எச்.எம். சர்க்குலர் போட்டார். தொட்டியில் சேர்வதைப் பேப்பரில் சுற்றி, பின்பக்கம் உறை இறக்கிய குழியில் போடுகிறோம். பிளாஸ்டிக் மட்காது, குழி ஒரு நாள் நிறையும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த மாதவிடாய் கப்பை ஏன் கொடுக்கக் கூடாது என்று என் மைனி கேட்கிறாள். அவள் இருப்பது ஆலப்புழையில். 2019-ல் அங்கே நகராட்சியே அய்யாயிரம் பேருக்கு இலவசமாகக் கொடுத்தது, அதில் ஒன்று அவளுக்கு. பன்னிரண்டு மணி நேரம் கவலை இல்லை, குப்பையும் இல்லை என்று பெருமை. பெரிய பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேச்செடுத்தேன். முதல் கேள்வியே, "அத எந்தப் பாத்திரத்துல காய்ச்ச டீச்சர்?" மாமியார் இருக்கிற அடுக்களை அது. நான் அவசரப்படவில்லை.

நாப்கின் மெஷினுக்கு எப்படி 2 மார்க் வந்தது என்றால், பெட்டி நல்ல பெட்டி. பூட்டைத் திறந்து சுருள்கம்பியைக் கழற்றி, உள்ளே தட்டு வைத்து, கடை நாப்கினை அடுக்கி, கதவைத் திறந்தே வைத்துவிட்டோம். துட்டு வேண்டாம். பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பயமுறுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை; வீட்டிலிருந்து கொண்டு வந்து திருப்பி வைக்கிற பிள்ளைகளும் உண்டு. அவுட் பாஸ் நோட்டில் ஒரு பக்கம் நிறைய இப்போது மாசக்கணக்கில் ஆகிறது.

போன வாரம் 2002 செட்டிலிருந்து ஒருத்தன் போன் போட்டான். அவர்களும் ஏதாவது செய்ய வேண்டுமாம், மெஷின் வாங்கலாமா என்றான். வேண்டாம் மக்கா, இன்னும் நாலு கழிப்பறை கட்டிக் கதவு போட்டு நல்ல கொண்டியாக மாட்டிக் கொடுங்க என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி டீச்சரே. கொண்டியில பேரு எழுத எடம் இருக்குமா?"