எம்எல்எஸ் பேக்கிங்குக்குக் காசு, உள்ளே காப்பர் தகடு

கோயம்புத்தூர் பக்கம் பழைய மாருதி எஸ்டீமையோ ஜென்னையோ ரேஸ் ட்ராக்குக்காக எஞ்சின் கட்டக் கொடுக்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரை பெயர் வேண்டாம்.

என்னுடையது எஸ்டீம், 1.3 லிட்டர் ஜி13பி எஞ்சின். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காகக் கொடுத்தேன். 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், லிஃப்ட் கூடுதலான கேம் (வால்வை அதிகமாகத் திறப்பது), ஹெட்டும் பிளாக்கும் ஃபேஸிங் (மேற்பரப்பைச் சீவி மட்டமாக்குவது), இரண்டுக்கும் நடுவே 0.9 மி.மீ. எம்எல்எஸ் (பல அடுக்கு ஸ்டீல்) ஹெட் பேக்கிங், கம்ப்ரஷன் விகிதம் 10 என்று பேசினோம். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனி விலை.

வண்டி கைக்கு வந்ததிலிருந்தே, குறைந்த ஆர்பிஎம்மில் மிதித்தால் தட்டல். கல்லாரிலிருந்து பர்லியாறு ஏறும்போது உள்ளே கோலிக்குண்டைப் போட்டு உருட்டுவது போலச் சத்தம். கேட்டதற்கு, பெட்ரோல் சரியில்லை, 100 ஆக்டேன் போடுங்கள் என்றார்கள். போட்டதில் குறைந்ததே தவிரப் போகவில்லை. அப்புறம் ஸ்பார்க் டைமிங்கைத் தாமதமாகத் தள்ளி வைத்தார்கள். தட்டல் அடங்கியது, கூடவே இழுவையும் அடங்கியது, சூடு மட்டும் ஏறியது. "கம்ப்ரஷன் அதிகம் சார், ரேஸ் எஞ்சின்னா அப்படித்தான்" என்று தோளைத் தட்டி அனுப்பினார் ட்யூனர். கொஞ்ச நாளில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

வேறொரு பட்டறை அண்ணன்தான் ஹெட்டைக் கழற்றினார். எம்எல்எஸ் என்றால் மெல்லிய ஸ்டீல் தகடுகள் அடுக்கடுக்காக இருக்க வேண்டும். வந்ததோ கையால் வெட்டிய ஒற்றைக் காப்பர் தகடு. மைக்ரோமீட்டரில் 1.6 மி.மீ. காட்டியது. காப்பர் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. டர்போ ட்ராக் வண்டிகளில் போடுகிறார்கள். ஆனால் அதற்கு சிலிண்டரைச் சுற்றிக் காடி வெட்டிக் கம்பி வளையம் வைப்பார்கள், தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி சீலன்ட் பூசுவார்கள். இதில் இரண்டுமே இல்லை. தண்ணீர் எங்கே போனது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

அடுத்து டயல் கேஜ் வைத்துப் பார்த்தார். பிஸ்டன் உச்சிக்கு வந்தும் பிளாக்கின் மேற்பரப்புக்கு 0.5 மி.மீ. கீழேயே நின்றது. பிளாக் ஃபேஸிங் பில்லில் மட்டும்தான் நடந்திருக்கிறது. 0.5-உம் 1.6-உம் சேர்ந்தால் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே 2.1 மி.மீ. இடைவெளி. தட்டலுக்குக் காரணம் இதுதான் என்றார்.

பேக்கிங் தடிமனாக இருந்தால் கம்ப்ரஷன் குறையும், எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்றுதான் பலரும் நம்புகிறார்கள். முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி இல்லை. பிஸ்டன் மேலே வரும்போது அதன் ஓரமும் ஹெட்டின் தட்டையான ஓரமும் நெருங்கி, நடுவே இருக்கும் கலவையை ஸ்பார்க் பிளக் பக்கம் பிதுக்கித் தள்ளும். இதைத்தான் ஸ்க்விஷ் என்கிறார்கள். கலவை கலங்கி வேகமாக எரியும். ஓரத்தில் மிஞ்சும் மெல்லிய படலத்தின் சூட்டை உலோகம் இழுத்துக்கொள்ளும். இடைவெளி 2 மி.மீ.க்குப் போனால் இரண்டும் சரியாக நடக்காது. ஓரத்தில் தேங்கிய கலவை, தீ வந்து சேரும் முன்னே தானாக வெடிக்கும். ஸ்டீல் ராடு (பிஸ்டனை கிராங்க்கோடு இணைப்பது) உள்ள இந்த அளவு எஞ்சினுக்கு 1 மி.மீ. ஒட்டி வைப்பதுதான் வழக்கம். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து. உயர் ஆர்பிஎம்மில் ராடு நீளும், பேரிங் இடைவெளியும் சேரும், பிஸ்டன் போய் ஹெட்டில் முட்டும்.

ட்யூனர் சொன்ன "கம்ப்ரஷன் அதிகம்" என்பதும் பொய். 74.5 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 75.5 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) ஒரு சிலிண்டர் 329 சிசி. ப்யூரெட்டால் அளந்த ஹெட் குழி 30, பிஸ்டன் தலை வெட்டு 2, பிஸ்டன் தாழ்ந்து நிற்கும் இடம் 2.2, பேக்கிங் 7.2. மொத்தம் 41.4 சிசி. இரண்டையும் கூட்டி 41.4-ஆல் வகுத்தால் கம்ப்ரஷன் 9-ஐக்கூடத் தொடவில்லை. கம்பெனி எஞ்சினைவிடக் குறைவான கம்ப்ரஷனுக்கு நான் 100 ஆக்டேன் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்!

ஏன் இப்படிச் செய்தார்கள்? அண்ணனின் ஊகம்: லிஃப்ட் கூடின கேமைப் போட்டதும் வால்வு பிஸ்டனில் இடிக்குமோ என்ற பயம். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றி, பதிந்த தடத்தை அளந்தால் தெரிந்துவிடும். இன்டேக்கில் 2, எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. இருந்தால் போதும், இல்லாவிட்டால் பிஸ்டன் தலையில் வால்வுக்காக வெட்டிய பாக்கெட்டை ஆழப்படுத்த வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, தகட்டைத் தடிமனாக்கி ஹெட்டையே தூக்கி வைத்துவிட்டார்கள்.

பேக்கிங் தடிமன் குத்துமதிப்பாக எடுக்கிற விஷயமே இல்லை. ஸ்கோடா ஆக்டேவியாவில் வந்த 1.9 டிடிஐ டீசலுக்குக் கம்பெனியே மூன்று தடிமனில் பேக்கிங் தருகிறது. பிஸ்டன் பிளாக்குக்கு மேலே 0.91 முதல் 1.00 மி.மீ. வரை நீண்டால் அடையாளத்துக்கு ஒரு ஓட்டை போட்ட பேக்கிங், 1.10 வரை இரண்டு ஓட்டை, 1.20 வரை மூன்று. அளக்காமல் ஆர்டரே போட முடியாது.

ஆகவே எஞ்சின் கொடுக்கும்போது நான்கு சிலிண்டரின் டெக் அளவையும் (உச்சியில் பிஸ்டன் பிளாக்கின் மேற்பரப்புக்கு எவ்வளவு கீழே அல்லது மேலே நிற்கிறது) எழுதிக் கேளுங்கள். பிஸ்டன் ஆடும் என்பதால், அதை ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின் (pin) இருக்கும் கோட்டில் வைத்துத்தான் அளக்க வேண்டும். பேக்கிங்கில் இறுக்கிய பிறகு நிற்கும் தடிமன்தான் கணக்கு. அதன் வட்டம் போரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த விளிம்பு பழுக்கக் காய்ந்து நேரத்துக்கு முன்பே கலவைக்குத் தீ வைக்கும். பேக்கிங் பெட்டியையும், ஹெட் மூடும் முன் எடுத்த படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுக்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.

என் எஞ்சினில் பிளாக்கை 0.4 எடுத்து, பாக்கெட்டை ஆழமாக்கி, நிஜமான 0.9 எம்எல்எஸ் போட்டாயிற்று. ஸ்க்விஷ் 1 மி.மீ., கம்ப்ரஷன் 9.9. அதே பர்லியாறு ஏற்றத்தில் 95 ஆக்டேனில் தட்டாமல் ஏறுகிறது. பழைய கடைக்காரர் பணத்தைத் தர மறுத்து, "அடுத்த வேலையில் கழித்துக்கொள்ளலாம்" என்கிறார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், காப்பர் தகடு, அண்ணன் எழுதிக் கொடுத்த அளவுத்தாள் மூன்றையும் வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி காப்பர் தகடு வேறு யார் எஞ்சினிலாவது வந்திருந்தால் பில்லோடு எனக்குச் சொல்லுங்கள்.